விமானி எரிபொருள் மிச்சம் பிடித்தால் கைதட்டலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ ஞாயிற்றுக்கிழமை மதியமோ படித்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரல் மட்டும் காட்டிப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு வீடியோ போட்டிருந்தார். பயணிகள் விமானத்தை ஓட்டுகிற விமானிகள் என்னென்ன நுணுக்கங்கள் செய்து எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று விளக்கும் வீடியோ. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். நடுவில் ஒரே ஒருவர் மட்டும், "சார், கொடைக்கானல் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வண்டியை விடுவதும் இதுவும் ஒன்றுதானே?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன், குழுவில் போட முடியாத அளவுக்கு நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

முதலில் நியூட்ரல் விஷயத்தையே பார்ப்போம். டம்டம் பாறையிலிருந்து காட்ரோடு வரை இறங்கும் வழியில் லாரியையும் வேனையும் நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் நெடுநாளாக உண்டு. "எஞ்சின் சும்மா ஓடுதே, டீசல் மிச்சம்" என்பார்கள். பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும் இதைப் புரிந்துகொள்ள. வண்டி கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுகின்றன. அப்போது பம்ப் டீசல் அனுப்புவதை நிறுத்திவிடும். நியூட்ரல் போட்டாலோ, எஞ்சின் அணைந்துபோகாமல் இருக்கப் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது கியரில் இறங்கினால் செலவே இல்லை, நியூட்ரலில் இறங்கினால் செலவு உண்டு. போதாக்குறைக்கு எஞ்சினின் இழுவை போய்விடுவதால் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுகிறது, பிரேக் சூடேறுகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சாவியையே அணைத்துவிடுவார்கள். அப்போது டீசல் மிச்சம்தான். ஆனால் பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரும் நின்றுவிடும். டேங்கில் இருக்கிற காற்று தீரும்வரைதான் பிரேக்.

லாரி ஓட்டிய ஒரு மாணவனின் அப்பாவிடம் இதை ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எனக்கும் தெரியும் வாத்தியாரே. ஆனா ஆபீஸ்ல பலகையில எல்லார் பேரும் எழுதிப் போட்டு, யாரு எத்தனை கிலோமீட்டர் லிட்டருக்கு ஓட்டுனான்னு போடுறாங்க. கடைசியில என் பேரு இருந்தா முதலாளி கேள்வி கேப்பாரு. எதையாச்சும் செஞ்சுதான ஆகணும்." கம்பெனி பெயர் வேண்டாம். ஆனால் அந்தப் பலகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விசாரணை அறிக்கைகளைப் படிப்பது ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பிடித்துப்போன பொழுதுபோக்கு. (வீட்டில் இதைப் பொழுதுபோக்கு என்று ஒத்துக்கொள்வதில்லை.) விமான எரிபொருள் மிச்சம் என்றால் உடனே என் நினைவுக்கு வருவது 1979 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவில் நடந்தது. டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 841ஆம் எண் விமானம், போயிங் 727, நியூயார்க்கிலிருந்து மினியாபொலிஸ் போய்க்கொண்டிருந்தது. 82 பயணிகள், 7 ஊழியர்கள். 39,000 அடி உயரம். இரவு நேரம். மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற ஊருக்கு மேலே விமானம் திடீரென்று வலப்பக்கம் சாய்ந்து, புரண்டு, தலைகீழாகப் பாய ஆரம்பித்தது. சுமார் ஒரு நிமிடத்தில் 34,000 அடி கீழே இறங்கிவிட்டது. நம் மலைக்கோட்டையின் உயரம் தெரியும் அல்லவா, அதுபோல் பல கோட்டைகளை அடுக்கினால் வரும் உயரம். கடைசியில் கேப்டன் சக்கரங்களை வெளியே தள்ளினார். அந்தக் காற்று எதிர்ப்பில் விமானம் கட்டுக்குள் வந்து, சுமார் 5,000 அடியில் நிமிர்ந்தது. டெட்ராய்ட்டில் இறங்கினார்கள். 89 பேரும் பிழைத்தார்கள்.

இறக்கையின் முன் விளிம்பில் ஸ்லாட் என்று ஒரு பகுதி உண்டு, பின் விளிம்பில் ஃப்ளாப். மெதுவாகப் பறக்கும்போது, அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை வேண்டும் என்பதற்காக இவற்றை வெளியே நீட்டுவார்கள். அத்தனை உயரத்தில், அத்தனை வேகத்தில் அவை உள்ளே மடங்கித்தான் இருக்க வேண்டும். அன்று வலது இறக்கையில் ஒரு ஸ்லாட் வெளியே வந்து மாட்டிக்கொண்டு, பிறகு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அது எப்படி வெளியே வந்தது என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்து 727 விமானிகள் மத்தியில் ஒரு வித்தை பேசப்பட்டு வந்தது. ஃப்ளாப்பை வெறும் 2 டிகிரி மட்டும் இறக்கினால் இறக்கைக்குத் தூக்குவிசை கொஞ்சம் கூடும், எரிபொருள் மிச்சமாகும் என்று நம்பிக்கை. ஆனால் ஃப்ளாப் நெம்புகோலைத் தள்ளினால் ஸ்லாட்டும் தானாக வெளியே வரும்படிதான் போயிங் வடிவமைத்திருந்தது. அதைத் தடுக்க ஸ்லாட்டுக்குப் போகும் சர்க்யூட் பிரேக்கரை, நம் வீட்டு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்குவதுபோல், முதலில் இழுத்துவிட வேண்டும். பிறகு ஃப்ளாப்பை 2 டிகிரி இறக்க வேண்டும். இதுதான் வித்தை. அன்றும் அப்படித்தான் செய்தார்கள், வெளியே போயிருந்த ஃப்ளைட் எஞ்சினியர் திரும்பி வந்து, இழுத்துக்கிடந்த பிரேக்கரைப் பார்த்துவிட்டு நல்ல எண்ணத்தில் உள்ளே அழுத்திவிட்டார், ஸ்லாட்டுகள் வெளியே பாய்ந்தன என்பது பலர் சொன்ன கதை.

கேப்டன் ஹூட் கிப்சன் இதைக் கடைசிவரை மறுத்தார். அமெரிக்க விசாரணை வாரியம் 1981இல் தன் முடிவை வெளியிட்டது: இயந்திரக் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிவிட்டு, ஸ்லாட்டுகள் வெளியே வந்ததற்கு விமானிகள் ஃப்ளாப் நெம்புகோலைக் கையாண்டதே காரணம் என்றது. விமானி அறைக் குரல் பதிவில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. மறுபரிசீலனை மனுக்களும் தள்ளுபடியாயின. கிப்சன் பக்கம் நியாயம் உண்டு என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? என்னைத் தொட்டது வேறு ஒன்று. அப்படி ஒரு வித்தை எந்தக் கையேட்டிலும் கிடையாது. ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்குப் போனது. அதிவேகத்துக்கென்று காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கிய இறக்கையில் ஃப்ளாப்பை இறக்கினால் காற்றின் எதிர்ப்பு கூடத்தான் வாய்ப்பு அதிகம். மிச்சமாவது சந்தேகம். நியூட்ரல் கதைதான், 39,000 அடி உயரத்தில்.

சரி, அப்படியானால் விமானிகள் எரிபொருளை மிச்சம் பிடிப்பதே தவறா? இல்லை. இன்று நடைமுறையில் இருக்கும் முறைகளில் பல, நன்றாக யோசித்து, சோதித்து, எழுதிவைத்தவை. ஏர்பஸ் 320 ரக விமானம் இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டு தரையில் ஊர்ந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோ எரிபொருள் குடிக்கும். இறங்கிய பிறகு ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு மற்றதில் ஊர்ந்து போவது நியாயமான சிக்கனம். (ஒரு எஞ்சினில் ஊர்ந்து போய்ப் புறப்படுவது கொஞ்சம் கவனம் கேட்கும். இரண்டாவது எஞ்சின் சூடேறச் சில நிமிடம் வேண்டும், சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போக இடம் உண்டு.) உயரத்திலிருந்து படிப்படியாக நின்று நின்று இறங்காமல், எஞ்சினை மிகக் குறைந்த விசையில் வைத்து ஒரே சரிவாக இறங்குவது இன்னும் நல்ல சிக்கனம். சத்தமும் குறைவு. நம் வண்டி கியரில் இறங்குவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ஆரம்பிப்பது, ஒரு முறை எந்த இடத்துக்குச் சரி என்பதை மறந்து எல்லா இடத்திலும் செய்யும்போது. இரண்டு எடுத்துக்காட்டு சொல்கிறேன். இறங்கும்போது ஃப்ளாப்பை முழுவதும் நீட்டாமல் ஒரு படி குறைத்து நீட்டினால் காற்று எதிர்ப்பு குறையும், சில கிலோ மிச்சம். ஆனால் விமானம் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொடும், நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். அதேபோல், தரையைத் தொட்ட பிறகு எஞ்சினின் எதிர்விசையை முழுவதும் போடாமல் பேருக்குப் போடுவது. ரிவர்ஸ் என்பார்களே, அந்தப் பெரிய உறுமல் சத்தம், அதுதான். அது குறைந்தால் எரிபொருளும் மிச்சம், எஞ்சின் தேய்மானமும் குறைவு. டெல்லியின் பெரிய ஓடுபாதை 14,000 அடிக்கும் மேல். காய்ந்த நாளில் அங்கே இரண்டையும் தாராளமாகச் செய்யலாம். நம் மதுரை ஓடுபாதை 7,500 அடி. ஐப்பசி மழையில், தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில், பின்காற்றும் கொஞ்சம் இருக்கும்போது அதையே செய்யலாமா? இரண்டு மூன்று சின்னச் சின்ன மிச்சங்கள் ஒன்றுசேர்ந்தால் ஓடுபாதையின் கடைசி ஆயிரம் அடியைத் தின்றுவிடும். அந்த ஆயிரம் அடி சும்மா கிடக்கிறது என்று தோன்றும். சும்மா கிடப்பதுதான் அதன் வேலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன வித்தைகள் எல்லாம் ஓரம். பெரிய கேள்வி, கிளம்பும்போதே எவ்வளவு ஊற்றிக்கொண்டு கிளம்புவது என்பது.

விதி தெளிவாக இருக்கிறது. போய்ச்சேரத் தேவையான எரிபொருள். அதற்கு மேல் காற்று எதிர்த்தாலோ பாதை மாறினாலோ சமாளிக்க ஒரு சிறு சதவீதம். அதற்கு மேல், போன ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டிய அளவு. அதற்கும் மேல், 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுவதற்கு வேண்டிய கடைசி இருப்பு. இந்தக் கடைசி 30 நிமிடத்தைத் தொடவே கூடாது. தொட வேண்டி வரும் என்று தெரிந்தாலே விமானி "மேடே" என்று மூன்று முறை சொல்லி, எரிபொருள் ஆபத்து என்று அறிவிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேல், கேப்டன் வானத்தைப் பார்த்து, தன் அனுபவத்தைப் பார்த்து, "இன்னும் ஒரு அரை டன் ஊற்று" என்று சொல்லலாம். அந்தக் கடைசி அரை டன்னைத்தான் நிறுவனக் கணக்கர்களுக்குப் பிடிப்பதில்லை.

ஏன் பிடிப்பதில்லை? எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். தோராயமாக, சுமக்கும் கூடுதல் எடையில் மணிக்கு 3 சதவீதம் எரிந்துபோகும். வாருங்கள், கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். 500 கிலோ கூடுதல், மூன்று மணி நேரப் பயணம். 500இல் 3 சதவீதம் 15. மூன்று மணிக்கு 45 கிலோ. விமான எரிபொருள் ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ என்பதால் 56 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 5,000 ரூபாய்ச் சொச்சம். 170 பேர் பயணம் செய்தால் தலைக்கு 30 ரூபாய். பேருந்து நிலையத்தில் ஒரு டீயும் ஒரு வடையும். அந்த 500 கிலோ தருவது என்ன? வானத்தில் கூடுதலாகப் பத்து, பன்னிரண்டு நிமிடம்.

பன்னிரண்டு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு நம் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2025 ஜூன் 19. அகமதாபாத் விபத்து நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. குவாஹாட்டியிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானம், 168 பயணிகள். சென்னையில் இறங்க முயன்று, முடியாமல் மீண்டும் மேலே எழும்பியது. பிறகு பெங்களூருக்குத் திரும்பியது. பெங்களூரை நெருங்கும்போது எரிபொருள் போதாது என்று விமானி "மேடே" அறிவித்தார். பத்திரமாக இறங்கினார்கள். இரண்டு விமானிகளும் பணிப் பட்டியலிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார்கள் என்று செய்தி வந்தது.

அந்த விமானத்தில் எரிபொருளை வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆதாரமும் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: விதிப்படி எல்லாம் ஊற்றிக்கொண்டு கிளம்பினாலும், ஒரு முறை இறங்க முடியாமல் போய், ஒரு மாற்று ஊருக்குத் திரும்பினால், இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். 2019 ஜூலையில் மும்பையிலிருந்து டெல்லி போன விஸ்தாரா விமானத்துக்கு நடந்ததும் இதுதான். டெல்லியில் வானிலை மோசம். லக்னோவுக்குத் திருப்பினார்கள். அங்கே போகும்போது அங்கும் பார்வைத் தூரம் குறைந்துவிட்டது. பிரயாக்ராஜ் பக்கம் திரும்பி, மறுபடி லக்னோவில் தெளிந்தது என்று தெரிந்து அங்கேயே வந்து இறங்கினார்கள். சக்கரம் தரையைத் தொட்டபோது சில நிமிடங்கள் பறப்பதற்கான எரிபொருள்தான் மிச்சம் இருந்தது என்று அன்றைய செய்திகள் சொல்லின. விதிக்கு மேலேயே ஊற்றியிருந்தோம் என்றது நிறுவனம். நம்புகிறேன். விதி என்பது குறைந்தபட்சம். முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்தால் பாஸ் என்பதற்காக முப்பத்தைந்துக்குப் படிக்கிறவனைப் பற்றி வகுப்பில் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

விதியையே மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2016 நவம்பர் 28 போதும். பிரேசிலின் சாப்பகோயன்ஸ் கால்பந்துக் குழுவை ஏற்றிக்கொண்டு பொலிவியாவிலிருந்து கொலம்பியாவுக்குப் போன லாமியா விமானம். பயண நேரம் 4 மணி 22 நிமிடம். விமானத்தில் இருந்த எரிபொருளின் ஆயுள் என்று பயணத் திட்டத்தில் எழுதியிருந்ததும் அதே 4 மணி 22 நிமிடம்! எந்தக் கணக்கு வாத்தியார் பார்த்தாலும் சிவப்பு மையில் சுழித்திருப்பார். வழியில் ஒரு ஊரில் இறங்கி நிரப்பியிருக்கலாம். விமானத்தை ஓட்டிய கேப்டனே அந்த நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். இறங்க வேண்டிய ஊருக்கு அருகே வேறொரு விமானத்துக்கு முன்னுரிமை கொடுத்ததால் காத்திருக்கச் சொன்னார்கள். அப்போதும் அவர் உடனே ஆபத்து என்று அறிவிக்கவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். மலையில் மோதிய விமானம் தீப்பிடிக்கவில்லை. பிடிக்க எரிபொருள் இல்லை.

விமானமும் அவரே ஓட்டுகிறார், டீசல் கணக்குப் பலகையும் அவர் மண்டைக்குள்ளேயே தொங்குகிறது. ஓட்டுகிறவனும் முதலாளியும் ஒரே ஆள் என்றால் இப்படி ஆகும்.

நிறுவனங்களின் பக்கமும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு விமான நிறுவனம் நடத்தும் செலவில் 30 முதல் 40 சதவீதம் எரிபொருளுக்கே போய்விடுகிறது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019இல். கோ ஃபர்ஸ்ட் 2023இல். அவற்றில் சம்பளப் பாக்கியோடு வெளியே வந்த பிள்ளைகளும் உண்டு. எனவே கிலோ கணக்குப் பார்க்கிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் திட்டப்போவதில்லை. ஒரு விமானத்துக்கு 15 கிலோ என்பது ஒன்றுமில்லை, ஒரு நாளைக்கு இரண்டாயிரம் முறை பறக்கிற நிறுவனத்துக்கு அது 30 டன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு மதிப்புக்கூட்டு வரி நெடுநாளாக 29 சதவீதம். நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. பல மாநிலங்களில் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. அதனால் என்ன செய்கிறார்கள்? வரி குறைவான ஊரில் திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு இங்கே வருவது, இங்கே வாங்காமலே போவது. இதற்கு டேங்கரிங் என்று பெயர். இப்படி இரண்டு மூன்று டன் கூடுதலாகச் சுமந்து வருவதற்கு எரியும் எரிபொருளை எந்தப் பட்டியலிலும் யார் பெயருக்கு எதிரேயும் எழுதுவதில்லை, ஏனென்றால் அதில் பணம் மிச்சம். கேப்டன் மழைக்குப் பயந்து அரை டன் கேட்டால் மட்டும் விளக்கம் கேட்பது. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார் என்று அப்பத்தா சொல்லும்.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எரிபொருள் மிச்சத்தை விமானிகளின் பெயர் போட்டு வரிசைப்படுத்துவது எந்த நிறுவனத்தில் இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும். பரிசு கொடுப்பதும் வேண்டாம், கடைசியில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்பதும் வேண்டாம். "நாங்கள் வற்புறுத்தவே இல்லை, தகவலுக்காகத்தான் அனுப்புகிறோம்" என்று நிர்வாகங்கள் சொல்லும். வகுப்பில் தர வரிசையைச் சுவரில் ஒட்டிவிட்டு, "யாரையும் வற்புறுத்தவில்லை" என்று தலைமையாசிரியர் சொல்வதுபோல்தான். பிள்ளைகள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று முப்பது வருடம் பார்த்தவன் நான். கடைசிப் பெயர் தன்னுடையதாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும். அந்தப் பலகை இருக்கிறவரை, மழை மேகம் தெரிந்தாலும் "போன வாரம் கேட்டுவிட்டேன், இந்த வாரம் வேண்டாம்" என்று ஒரு கை தயங்கும். சுற்றி வர வேண்டிய இடத்தில், "இன்னும் சில நூறு கிலோ போகுமே" என்று ஒரு கணம் யோசனை ஓடும். அந்த ஒரு கணத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் எரிபொருள் பிரச்சினை இல்லை. ஆனால் ஓடுபாதையின் பாதித் தூரம் தாண்டித் தரையைத் தொட்ட அந்த விமானத்தில், துணை விமானி "கோ-அரவுண்ட்" என்று, அதாவது மேலே எழும்பிவிடலாம் என்று சொன்னார் என்பதும், அது நடக்கவில்லை என்பதும் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. 21 பேர் இறந்தார்கள். எழும்பிச் சுற்றி வருவதை யாரும் தோல்வியாக நினைக்காத நிலை வேண்டும். அதற்கு எதிராக நிற்கும் சின்னச் சின்னக் காரணங்களில் எரிபொருள் பட்டியலும் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது.

வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதும் இதே நோய்தான். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே ஆவியான்கா 52ஆம் எண் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையிடம் "முன்னுரிமை வேண்டும்", "எரிபொருள் குறைகிறது" என்றெல்லாம் சொன்னவர்கள், "ஆபத்து" என்ற ஒரு சொல்லைச் சொல்லவில்லை. பெங்களூர் விமானி "மேடே" சொன்னார். அதற்காக மட்டுமாவது அவரைப் பாராட்டத் தோன்றுகிறது. அவருக்கு நம் சமூக வலைத்தளத்தில் கிடைத்தது என்ன? "பெட்ரோல் போடாமல் வந்த பைலட்" என்று மீம்.

இங்கே பயணிகளான நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. 2024 அக்டோபர் 11 மாலை நினைவிருக்கிறதா? திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே வட்டமடித்தது. எடையைக் குறைக்க எரிபொருளை எரித்துத் தீர்த்தார்கள், ஏனென்றால் அந்த ரக விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. டன் டன்னாக எரிந்தது. ஊரே டிவி முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தது. இறங்கியதும் கைதட்டினோம். எத்தனை லட்சம் ரூபாய் எரிபொருள் போச்சு என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அதே நாம், மதுரையில் மழை என்று விமானத்தைத் திருச்சிக்கோ சென்னைக்கோ திருப்பினால் பணிப்பெண்ணிடம் சண்டை போடுகிறோம். "பக்கத்தில் வந்துவிட்டோமே, இறக்கக் கூடாதா? மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு" என்று. நம் சொந்தத்திலேயே ஒருவர் அப்படிச் சண்டை போட்டதைப் பெருமையாகச் சொன்னார். பெயர் போடவில்லை மாமா, கவலை வேண்டாம்.

இனி என் மாணவர்களில் சிலருக்கு மட்டும். உங்களில் விமானம் ஓட்டுகிறவர்கள் குறைவு. விமான நிறுவனங்களின் அலுவலகங்களில், ஹைதராபாத்திலும் குருகிராமிலும் துபாயிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எரிபொருள் கணக்குப் பார்க்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. என்னிடம் கணக்கும் இயற்பியலும் படித்தவர்கள் என்பதால் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் எக்செல் பட்டியலில் கேப்டன் பெயர் இருக்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் விமான நிலையம், மாதம், மணி, வானிலை என்று பிரித்துப் போடுங்கள். அக்டோபர், நவம்பரில் மாலை ஏழு மணிக்கு மேல் சென்னைக்கு வரும் விமானங்கள் சராசரியாக எத்தனை நிமிடம் சுற்றுகின்றன, அதற்கு எவ்வளவு எரிகிறது என்று பாருங்கள். அந்த அளவைக் கேப்டன் கேட்பதற்கு முன்பே திட்டத்தில் சேர்த்துக் கொடுங்கள். ஒரு கை ஓங்கிக் கேட்கவும் வேண்டாம், இன்னொரு கை தயங்கவும் வேண்டாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்களும் அந்தப் பட்டியலிலேயே தெரியும்: எந்த நிலையத்தில் தரையில் இருபது நிமிடம் நிற்க வைக்கிறார்கள், எங்கே நேர் வழி கொடுக்காமல் சுற்ற விடுகிறார்கள் என்று. அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

இதைச் செய்ய முடியாது, மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் காரணத்தைக் கீழே எழுதுங்கள். பெயரும் நிறுவனமும் வேண்டாம். துறையில் இருக்கிறவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.